‘நீதி விலை போச்சு’ என்று பேசினான் தம்பி. ஹைகோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். என் தம்பி எங்கள் ஊரில் சின்னதாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான். எங்கள் பெரியப்பாவின் இடத் தகராறு சப் கோர்ட்டில் தோற்றுப்போனது. அந்த ஆத்திரத்தில் அன்றைக்கே கோர்ட் வாசலில் நின்று 18 நிமிஷம் பேசி வீடியோ போட்டுவிட்டான். ‘இந்த ஊர்ல நீதி விலை போச்சு’ என்று ஓரிடத்தில் சொல்கிறான். இன்னோர் இடத்தில் ‘எவ்வளவு கை மாறுச்சோ, யாருக்குத் தெரியும்’ என்கிறான். நீதிபதி பெயரைச் சொல்லவில்லை. ஜெயித்தவர்கள் அதில் 40 விநாடியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் பரப்பினார்கள். ஹைகோர்ட்டுக்கு எழுதிப்போட்டதும் அவர்கள்தான் என்று ஊரில் பேச்சு. வீடியோ போட்டு ஒன்றேகால் வருஷம் கழித்து இப்போது மதுரைக் கிளையிலிருந்து நோட்டீஸ். கிரிமினல் கன்டெம்ப்ட் (கோர்ட்டை அவமதித்த குற்றம்), சூ மோட்டோ (கோர்ட்டே தானாக எடுத்த வழக்கு), நேரில் ஆஜராக வேண்டும் என்று போட்டிருக்கிறது. போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து கொடுத்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. முதல் நாளே உள்ளே தள்ளிவிடுவார்களா? புகார் சொல்வதும் கோர்ட், தீர்ப்பு சொல்வதும் கோர்ட் என்றால் இவன் பக்கத்தை யார் கேட்பார்கள்? ‘மன்னிப்பு கேட்டுடு, முடிஞ்சுது’ என்கிறார் ஒருவர். ‘உண்மையைத்தானே சொன்னே, நின்னு வாதாடு’ என்கிறார் இன்னொருவர். வீடியோவை அழித்துவிடட்டுமா என்று இவன் கேட்கிறான். வழி சொல்லுங்கள்.
(ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்ட சகோதரி, தென்மாவட்டம்)

பதில்:

சகோதரி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். வாய்தா நாளில் தம்பி நேரில் போய் நின்றால், அன்றைக்கே சிறைக்கு அனுப்புகிற வழக்கு அல்ல இது. ஆளை அங்கேயே பிடித்து வைக்கிற அதிகாரம் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் இருக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் கண்ணெதிரே நடக்கிற அவமதிப்புக்கு மட்டும் அது பொருந்தும். அப்படிப் பிடித்து வைத்தவரிடம்கூடக் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல விட வேண்டும். ‘என்னை வேறு நீதிபதி விசாரிக்கட்டும்’ என்று வாய்மொழியாகவே அவர் கேட்கலாம். ஜாமீனும் உண்டு. உங்கள் தம்பி பேசியது கோர்ட்டுக்கு வெளியே. அதற்கு வழி 15ஆவது பிரிவு: நோட்டீஸ், பதில் அஃபிடவிட் (சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கிற பதில்), விசாரணை, பிறகுதான் உத்தரவு.

ஆபத்து போவதில் இல்லை, போகாமல் இருப்பதில்தான். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சி.எஸ். கர்ணன் மீது 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அவமதிப்பு வழக்கு எடுத்தது நினைவிருக்கும். நோட்டீஸுக்கு ஆஜராகாததால் முதலில் ஜாமீனில் விடக்கூடிய வாரன்ட் போட்டார்கள். மே 9 அன்று ஆறு மாதம் சிறை விதித்தார்கள். ஜூன் 20 அன்று கோயம்புத்தூரில் வைத்துக் கைது செய்தார்கள். பதவியில் இருந்த ஒரு நீதிபதிக்கே கதை அப்படிப் போனது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. புகார்தாரரும் கோர்ட், தீர்ப்பு சொல்பவரும் கோர்ட் என்கிறீர்கள். இதைச் சொன்னதற்காக உங்கள் மேல் யாரும் அவமதிப்பு வழக்குப் போட முடியாது; உச்ச நீதிமன்றமே இதே விஷயத்தை ஒரு பழைய தீர்ப்பில் ஒப்புக்கொண்டு, அதனால்தான் இந்த அதிகாரத்தைக் கையாளும்போது கோர்ட் மிகவும் நிதானமாக இருக்க வேண்டும் என்றது. 1950களில் சுக்தேவ் சிங் சோதி வழக்கில் வழக்கமான குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த வழக்குகளுக்குப் பொருந்தாது என்றது. அதே தீர்ப்பில், என்ன குற்றம் என்று ஆளுக்குத் தெளிவாகத் தெரிவித்து, எதிர்வாதம் செய்ய நியாயமான வாய்ப்புக் கொடுத்தே தீர வேண்டும் என்றும் சொன்னது. தன்னைத் தாக்கிப் பேசியதாகச் சொல்லப்படும் வழக்கை அந்த நீதிபதியே விசாரிக்காமல், முடிந்தவரை வேறொருவருக்கு விட்டுவிடுவது நல்லது என்பதும் அதில்தான் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. சப் கோர்ட் நீதிபதி இந்த வழக்கை விசாரிக்கப் போவதில்லை. 18ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளுக்குக் குறையாத பெஞ்ச்தான் விசாரிக்கும்.

ஆக, போலீஸ் எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, அரசு வக்கீல் என்று சாதாரண கிரிமினல் கேஸில் நடுவே நிற்கிற ஆட்கள் யாரும் இதில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 1960களில் அவமதிப்புச் சட்டத்தை ஆராய்ந்த சன்யால் குழு அறிக்கை கொடுத்து, அதன்மேல் 1971 சட்டம் வந்தது. நடைமுறைப் பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன. ஆனால் ஒன்று: கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் முதல் இரண்டு வாய்தாவுக்குள் கேட்டால்தான் அதற்கு மதிப்பு. தண்டனை வந்த பிறகு டெல்லியில் போய் ‘எனக்கு நகல் தரவில்லை’ என்று அழுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை, இந்த வழக்கு எப்படிப் பிறந்தது என்று கண்டுபிடிப்பது. நோட்டீஸில் ‘சூ மோட்டோ’ என்று ஒரு வார்த்தை இருந்தால் மட்டும் போதாது. 15ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுக்கலாம். மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் கொண்டுவரலாம். மூன்றாம் மனிதர் யாராவது கொண்டுவருவதென்றால் அட்வகேட் ஜெனரலின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கீழ்க்கோர்ட்டை அவமதித்ததாக இருந்தால் அந்தக் கோர்ட்டே உயர் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பலாம். அந்த வகையிலும் உயர் நீதிமன்றம் தானாக எடுக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்திருக்கிறது. அதனால் ‘கீழ்க்கோர்ட் விஷயத்தில் சூ மோட்டோவே செல்லாது’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஊர்ப் பேச்சு உண்மை என்றால், அதாவது ஜெயித்த தரப்பு மனுவாகவே போட்டு, அட்வகேட் ஜெனரலின் அனுமதியும் வாங்காமல், அது சூ மோட்டோ சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றால், உங்களுக்குக் கெட்டியான ஆட்சேபணை இருக்கிறது. சிவசேனா தலைவர் பால் தாக்கரேக்கு மும்பை உயர் நீதிமன்றம் கொடுத்த தண்டனை இந்த ஓட்டையால்தான் 2004இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தனியார் ஒருவர் தகவல் சொல்லித் தலைமை நீதிபதி நிர்வாகரீதியாகப் பார்த்து முடிவெடுப்பது ஒன்று. அனுமதியில்லாத மனுவை அப்படியே வழக்காக நடத்துவது வேறு. நம் ஊர் உதாரணமே இருக்கிறது. சென்னை போலீஸ் கமிஷனராக இருந்த முத்துக்கருப்பனுக்கு, தி.மு.க.வின் பரிதி இளம்வழுதி தொடர்ந்த விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அவமதிப்புக்காகச் சிறைத்தண்டனை விதித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் அட்வகேட் ஜெனரல் அனுமதி இல்லாததும் ஒன்று. அதே தீர்ப்பில் உங்கள் தம்பிக்கு இன்னும் பெரிய ஒரு பிடிமானமும் இருக்கிறது: அவமதிப்பு வழக்கு பாதி கிரிமினல் வழக்கு, குற்றச்சாட்டைக் குறிப்பாக வரையறுக்க வேண்டும், கிரிமினல் கேஸ் மாதிரியே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், சந்தேகத்தின் பலன் அவமதித்ததாகச் சொல்லப்படுபவருக்கு.

அட்வகேட் ஜெனரல், தலைமை நீதிபதி என்ற இந்த வடிகட்டி வெறும் காகிதச் சடங்கு இல்லை. 2020 செப்டம்பரில் நீட் தேர்வு பற்றி நடிகர் சூர்யா விட்ட அறிக்கையில் நீதிமன்றங்களைப் பற்றி ஒரு வரி வந்தது. அவமதிப்பு நடவடிக்கை வேண்டும் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அட்வகேட் ஜெனரலின் கருத்தைக் கேட்டார்கள், தேவையில்லை என்றார். செப்டம்பர் 18 அன்று தலைமை நீதிபதி ஏ.பி. சாஹி அமர்வு வழக்கு எடுக்க மறுத்துவிட்டது. நோட்டீஸ்கூடப் போகவில்லை. உங்கள் தம்பி விஷயத்தில் அந்தக் கட்டம் நடந்ததா, நடந்திருந்தால் தலைமை நீதிபதி முன் என்ன வைத்தார்கள், 40 விநாடித் துண்டா 18 நிமிஷமா என்று தெரிய வேண்டும். அதற்காக நோட்டீஸுக்கு அடிப்படையான எல்லாத் தாள்களின் நகலையும் கேட்டு முதல் வாய்தாவிலேயே மனுப் போடச் சொல்லுங்கள். மனுவின் பேரில் வந்த வழக்கானால் அதன் நகலும் அஃபிடவிட் நகலும் நோட்டீஸோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும் என்பது 17ஆவது பிரிவு.

அடுத்தது தேதி. அவமதிப்பு நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து ஓராண்டுக்குப் பிறகு எந்தக் கோர்ட்டும் வழக்குத் தொடங்க முடியாது என்கிறது 20ஆவது பிரிவு. அரசியல் சட்டம் நேரடியாகக் கொடுத்த அதிகாரத்துக்கு இந்த வரம்பு கிடையாது என்று ரொம்ப நாள் வாதம் ஓடியது. 2001இல் பல்லவ் ஷேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு பொருந்தும் என்று முடித்துவைத்தது. ஒன்றேகால் வருஷம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில் வராது. மனுவின் பேரில் வந்த வழக்கானால் மனுத் தாக்கலான நாளைப் பார்ப்பார்கள். சூ மோட்டோ என்றால் நோட்டீஸ் அனுப்பச் சொன்ன நாளைப் பார்ப்பார்கள். நோட்டீஸின் அடியில் உத்தரவுத் தேதி இருக்கும். வீடியோ ஏற்றிய தேதியோடு ஒப்பிடுங்கள். வீடியோ இன்னும் சேனலில் இருப்பதால் குற்றம் தொடர்கிறது என்று எதிர்வாதம் வரவும் வாய்ப்புண்டு. அதனால் இந்த ஒரு கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்க வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது; உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்டது. தம்பி பேசியது தமிழில். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். பெஞ்ச் படிக்கப்போவது யாரோ மொழிபெயர்த்த வாசகத்தை. ‘நீதி விலை போச்சு’ என்பதை ‘நீதிபதி விலைபோய்விட்டார்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்களா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நீதிக்கும் நீதிபதிக்கும் நடுவே ஒரு ‘பதி’தான் வித்தியாசம், ஆனால் ஒன்று தோற்றவனின் புலம்பல், மற்றது லஞ்சக் குற்றச்சாட்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வழக்கில் ‘வாய்தா மேல வாய்தா கொடுத்து சாகடிக்கிறாங்க’ என்று ஒரு பெரியவர் பேசியதை, கொலை செய்கிறார்கள் என்ற அர்த்தம் வரும்படி மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். என் சீனியர் எழுந்து அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினார். பெஞ்சில் இருந்த தமிழ் தெரிந்த நீதிபதி சிரித்துவிட்டார். தமிழ் தெரிந்தவர் பெஞ்சில் இருப்பார் என்று நம்பி நீங்கள் போகக் கூடாது. 18 நிமிஷமும் ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதி, பக்கத்திலேயே சரியான மொழிபெயர்ப்பையும் வைத்து, பதில் அஃபிடவிட்டோடு தாக்கல் செய்யுங்கள். எந்தெந்த வாக்கியம் அவமதிப்பு என்று குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றால், அதைச் சொல்லும்படி கேளுங்கள். மொத்த வீடியோவும் அவமதிப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதற்குப் பதில் எழுதுவது?

இதனால்தான் வீடியோவை ‘அழிக்காதீர்கள்’ என்கிறேன். சேனலிலிருந்து எடுத்துவிடலாம், எடுப்பது நல்லதும்கூட. கோர்ட் நல்லெண்ணத்தைப் பார்க்கும். ஆனால் மூலக் கோப்பு போனிலோ கேமரா கார்டிலோ எதில் எடுத்தாரோ அதில் அப்படியே இருக்க வேண்டும். எடுத்துவிட்ட தேதியை அஃபிடவிட்டில் சொல்லுங்கள். முழு வீடியோவைப் பென் டிரைவில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவு கேட்கிற, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணையுங்கள். 40 விநாடித் துண்டு எங்கிருந்து எங்கே வெட்டியது, அதற்கு முன்னும் பின்னும் தம்பி என்ன பேசினார் என்று பெஞ்ச் பார்க்க வேண்டாமா?

இன்னொரு விஷயம். அஃபிடவிட்டுகளை மட்டும் வைத்தே பெஞ்ச் முடிவெடுக்கலாம் என்கிறது 17ஆவது பிரிவு. சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் தானாக வராது. துண்டு வீடியோ திரிக்கப்பட்டது என்பது உங்கள் வாதமானால், சாட்சி விசாரிக்க வேண்டும் என்று தனி மனுப் போட வேண்டும். ‘நான் வாயே திறக்க மாட்டேன், எனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது’ என்ற சாதாரணக் குற்றவாளியின் கேடயமும் இதில் கிடைக்காது. குஜராத்தில் நடியாத் மாஜிஸ்திரேட்டைப் போலீஸார் விலங்கு மாட்டி அடித்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு வழக்கில் நிற்பவர் அரசியல் சட்டம் சொல்லும் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டது. எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. ஆறு மாதம் சிறைக்கு அனுப்பக்கூடிய வழக்கில் நிற்பவனைக் குற்றம் சாட்டப்பட்டவன் இல்லை என்றால் வேறு என்னவென்று சொல்வது? ஆனால் சட்டம் இன்றைக்கு அங்கேதான் நிற்கிறது.

இப்போது மன்னிப்பா, வாதமா என்ற கேள்வி. ‘உண்மையைத்தானே சொன்னே’ என்கிற நண்பர் சொல்வதில் ஒரு பாதி சரி. 2006 திருத்தத்துக்குப் பிறகு உண்மை ஓர் எதிர்வாதம்தான். பொதுநலத்துக்காக, நல்லெண்ணத்தோடு சொன்னதாகப் பெஞ்சுக்குத் திருப்தி வந்தால் அனுமதிக்கலாம் என்று 13ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. தீர்ப்பு தப்பு, பத்திரத்தைப் பார்க்கவில்லை, சர்வேயர் அறிக்கையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எவ்வளவு காரமாகப் பேசினாலும் 5ஆவது பிரிவு காப்பாற்றும். முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது. ‘நீதி விலை போச்சு’ என்பதை இந்தப் பக்கம் இழுத்து வாதாட முடியும் என்றே நினைக்கிறேன்.

‘எவ்வளவு கை மாறுச்சோ, யாருக்குத் தெரியும்’ என்பதை முடியாது. ‘யாருக்குத் தெரியும்’ என்று முடிகிற வாக்கியத்தை உண்மை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? தனக்குத் தெரியாது என்று அவரே அதில் சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை என்பதும் உதவாது. அந்த ஊரில் அன்றைக்கு அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிபதி யார் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ‘அவமதிக்கும் நோக்கம் எனக்கு இல்லை’ என்பதும் முழு எதிர்வாதம் ஆகாது. கேரள முதல்வராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அதைத்தான் சொன்னார். 1970இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1,000 ரூபாய் அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்ததோடு சரி. லஞ்சம் கைமாறியது என்று உங்களிடம் நிஜமாகவே ஆதாரம் இருந்திருந்தால், அது போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றத்தின் விஜிலன்ஸ் பிரிவு. கீழ்க்கோர்ட் நீதிபதி பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் புகார் அனுப்புவது அவமதிப்பு இல்லை என்று 6ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. யூடியூபுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே அந்த ஒரு வாக்கியத்துக்கு மன்னிப்பு. அதை முதல் அஃபிடவிட்டிலேயே கேட்க வேண்டும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு கேட்கிற மன்னிப்புக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. 12ஆவது பிரிவுப்படி கோர்ட்டுக்குத் திருப்தியான மன்னிப்பு வந்தால் வழக்கிலிருந்து விடுவிக்கலாம். 2018இல் பா.ஜ.க.வின் எச். ராஜா நேரில் வந்து நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டதும் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை முடித்தது. ஆனால் நாங்கள் கோர்ட்டில் அடிக்கடி பார்க்கிற ஒரு வாசகம் உண்டு: ‘எனது பேச்சால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.’ மேடைக்கு இது போதும். பெஞ்ச் முன்னால் இதைப் படித்தால் எரிச்சல்தான் வரும். புண்பட்டது மனம் இல்லை. கேள்வி கோர்ட்டின் மேல் ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கை பற்றியது. ‘கை மாறியது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. சொன்னது தவறு. மன்னிப்புக் கேட்கிறேன். வீடியோவை இன்ன தேதியில் எடுத்துவிட்டேன்’ என்று நாலு வரி, தம்பியின் சொந்த வார்த்தையில், போதும்.

அப்படியானால் மொழிபெயர்ப்பு, தேதி, அனுமதி எல்லாவற்றையும் கைவிட வேண்டுமா? வேண்டாம். ஒரே பேச்சை ஒரே மூச்சில் நியாயப்படுத்தவும் செய்து மன்னிப்பும் கேட்க முடியாது என்பது 1950களிலேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம், இன்றைக்கும் நடைமுறை அதுதான். ஆனால் மன்னிப்பில் நிபந்தனை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நல்லெண்ணத்தோடு கேட்டதைத் தள்ளக் கூடாது என்று அதே 12ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதனால் அஃபிடவிட்டில் மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும்: சட்ட ஆட்சேபணைகள் தனியே, ‘நீதி விலை போச்சு’ என்பதன் சரியான பொருள் தனியே, ‘கை மாறுச்சோ’ பற்றிய மன்னிப்பு தனியே, அந்தப் பத்தியில் ‘ஆனால்’ என்ற சொல்லே வராமல். இந்தக் கலவையைச் சரியாக எழுதுவதற்குத்தான் வக்கீல் வேண்டும். மற்றதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நீதிபதிகளை விமர்சித்து ட்வீட் போட்ட டெல்லி வக்கீல் பிரசாந்த் பூஷண் மன்னிப்புக் கேட்காமல் ஒரு ரூபாய் அபராதத்தோடு வெளியே வந்தாரே என்று தம்பி சொல்லலாம். 2020இல் அவர் பின்னால் நின்ற மூத்த வக்கீல்களின் வரிசையையும், அந்த ஒரு ரூபாயைக் கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை, மூன்று வருஷம் உச்ச நீதிமன்றத்தில் வாதாடத் தடை என்று எழுதியிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாம் எதிராகப் போனால் என்ன? அதிகபட்சம் ஆறு மாதம் வெறுங்காவல், 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் கிடையாது. இலங்கையில் அண்மைக்காலம் வரை இப்படியோர் உச்சவரம்பு இல்லாமல் இருந்தது. 2021 ஜனவரியில் அரசியல்வாதி ரஞ்சன் ராமநாயக்கவுக்கு அவமதிப்புக்காக நான்கு வருஷம் கடூழியச் சிறை கொடுத்தார்கள். தனிச் சட்டம் 2024இல்தான் வந்தது. நம் சட்டத்தில் இன்னொரு தடையும் உண்டு: நீதி நடைமுறையில் கணிசமாகக் குறுக்கிடும் அவமதிப்பாக இருந்தால் ஒழியத் தண்டிக்கவே கூடாது.

இரு நீதிபதி பெஞ்ச் தண்டித்தால் அப்பீல் உரிமையாகவே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும், 60 நாளுக்குள். கவனிக்க வேண்டியது அப்பீல் இல்லை, தண்டனை சொன்ன அந்த நிமிஷம். அப்பீல் போகப்போகிறோம் என்று சொல்லித் தண்டனையை நிறுத்திவைக்கும்படி அதே பெஞ்சிடம் அப்போதே கேட்க 19ஆவது பிரிவு இடம் தருகிறது. மனுவை முன்கூட்டியே தட்டச்சு செய்து பையில் வைத்திருக்க வேண்டும். மதுரைக் கிளை யூடியூபர் சவுக்கு சங்கருக்கு அவமதிப்புக்காக ஆறு மாதம் விதித்தது 2022 செப்டம்பர் 15. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது நவம்பர் 11. நடுவில் எட்டு வாரம் எங்கே போனது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். மதுரைக் கிளை வளாகத்திலேயே உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருந்தால் இலவச வக்கீல் தருவார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளி என்றால் வருமானமே பார்ப்பதில்லை. வாய்தாவுக்கு முந்தின நாள் போய் நிற்காமல், இந்த வாரமே போங்கள்.

அன்றைக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி மேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம்தான். நோட்டீஸ் நகல், ஆதார் அட்டை, வக்கீல் நம்பர் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். தம்பியின் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அணைத்து. ‘கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் நண்பர்களே’ என்று வழியில் ஒரு வீடியோ போட அவருக்குக் கை துறுதுறுக்கும்.